எதிர்பார்த்திருந்த வீக்கம்: எச்.ஐ.வி. மருந்து தொடங்கிய தறித் தொழிலாளி ஒருவருக்கு வந்த அழற்சி – நிகழ்வு ஆய்வு

அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக நோயாளியின் வயது, ஊர், குடும்ப விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரகசியத்தைக் காப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமையும்கூட. மருத்துவ விவரங்களில் மாற்றமில்லை.

பின்னணி

குமாரபாளையம், பள்ளிபாளையம், பவானி, ஈரோடு என்று காவிரியின் இரு கரையிலும் தறிச் சத்தம் ஓயாத வட்டாரம் இது. இங்கே இருமலை யாரும் நோயாக எண்ணுவதில்லை. விசைத்தறிக் கூடத்தில் 12 மணி நேரம் நிற்பவர் இருமினால், பஞ்சுத் தூசு என்று வீட்டிலும் சொல்வார்கள், பக்கத்துத் தறிக்காரரும் சொல்வார். இந்த நோயாளிக்கும் மூன்று மாதம் அப்படித்தான் போனது.

40 வயதை நெருங்கும் ஆண். தறி ஓட்டுபவர். மனைவி அதே கூடத்தில் தார் சுற்றுகிறார், அதாவது ஊடை நூலைக் குச்சியில் சுற்றும் வேலை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். தறி உரிமையாளரிடம் பெரிய தொகை அட்வான்ஸ் வாங்கியிருந்தார். இந்தப் பகுதியில் அது வழக்கம்தான். வேலைக்குப் போகாத வாரம் கூலியும் கிடையாது, கடனும் குறையாது. அதனால் சாயங்காலக் காய்ச்சலுக்கு மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நைட் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எடை 58 கிலோவிலிருந்து 43க்கு இறங்கியது. வலப்பக்கக் கழுத்தில் நெறி கட்டிய பிறகுதான் அரசு மருத்துவமனைக்கு வந்தார்.

சளியை, கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் சிபிநாட் கருவியில் பார்த்ததில் காசநோய்க் கிருமி இருந்தது. முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. காசநோய் உறுதியான எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வது நடைமுறை. நம்பிக்கை மையத்தில் செய்த சோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்றே காசநோய் மருந்து தொடங்கப்பட்டது. அவருடைய எடைக்கு நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை தினமும் மூன்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. பரவல் அதிகமுள்ள மாவட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாமக்கல்லின் பெயர் நெடுங்காலம் அடிபட்டது. அந்தப் பேச்சு முழுக்க லாரித் தொழிலோடேயே கட்டிப்போடப்பட்டிருந்தது. அதனால் மூன்று மாதம் இளைத்துப்போன ஒரு தறிக்காரரைப் பார்த்த யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. ஆளைப் பார்த்துச் சந்தேகப்படும் வழக்கம் இருக்கும்வரை, நோயாளிகள் இப்படி முற்றிய நிலையில்தான் வந்துகொண்டிருப்பார்கள்.

ஏ.ஆர்.டி. மையத்தில் பார்த்தவை

காசநோய் மருந்து தொடங்கிய முதல் வாரத்தில், எச்.ஐ.வி. கூட்டு மருந்தான ஏ.ஆர்.டி. கொடுக்கும் எங்கள் மையத்துக்கு வந்தார். எதிர்ப்பாற்றலைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 34, மிகக் குறைவு. ஹீமோகுளோபின் 7.9. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 96. மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் திட்டுத்திட்டாக நிழல், நடுவில் பெருத்த நிணநீர்க் கணுக்கள். வயிற்று ஸ்கேனில் குடலைச் சுற்றிய கணுக்கள் நடுவில் அழுகிய தோற்றத்தில் இருந்தன. மண்ணீரலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நோய் நுரையீரலோடு நிற்கவில்லை என்பது தெளிவு.

தலைவலி இல்லை, கழுத்து விறைப்பு இல்லை, பேச்சில் தடுமாற்றம் இல்லை. ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான சோதனை எதிர்மறை. கண் மருத்துவர் விழித்திரையைப் பார்த்து, சி.எம்.வி. என்ற வைரஸின் பாதிப்பு இல்லை என்று எழுதினார். மஞ்சள் காமாலை பி வகை இல்லை. சர்க்கரை இயல்பு. மனைவிக்கும் மகளுக்கும் எச்.ஐ.வி. இல்லை.

எச்.ஐ.வி. மருந்து தொடங்கும்போது வரக்கூடிய அழற்சி, மருத்துவர்கள் ஐரிஸ் என்று சொல்வது, இந்த இடத்தில்தான் எங்கள் பேச்சுக்கு வந்தது. இது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பாற்றல் சரிந்து கிடக்கும் உடலில் காசநோய்க் கிருமி நிறைய இருந்தாலும், அதை எதிர்க்க ஆளில்லாததால் வீக்கமும் வலியும் குறைவாகவே இருக்கும். ஏ.ஆர்.டி. மருந்து வைரஸை அடக்கியதும் எதிர்ப்பாற்றல் சில வாரங்களில் திரும்புகிறது. திரும்பிய வேகத்தில் கிருமி இருக்கும் இடத்திலெல்லாம், செத்த கிருமியின் மிச்சம் கிடக்கும் இடத்திலும்கூட, கடுமையான அழற்சியைக் கிளப்புகிறது. நோயாளியின் கண்ணுக்கு, மருந்து சாப்பிட்டதால் நோய் கூடிவிட்டதாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் பிரெஞ்ச் என்பவரின் குழுவினர் 1992லேயே, ஜிடோவுடின் என்ற ஒற்றை மருந்து சாப்பிட்ட நோயாளிகளிடம் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே கண்டுபிடித்து மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் நோய் திடீரென்று சீறுவது ஒன்று. யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்த நோய் மருந்து தொடங்கியதும் வெளியே வருவது மற்றொன்று. கிரிப்டோகாக்கஸ், சி.எம்.வி. சோதனைகளை முன்கூட்டியே செய்தது இரண்டாவது வகைக்காக. 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 13,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. மருந்து தொடங்கியவர்களில் ஏறத்தாழ 16 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை ஐரிஸ் வந்திருந்தது. சி.எம்.வி. விழித்திரை நோய் இருந்தவர்களில் அது 38 சதவீதம். காசநோயில் உயிரிழப்பு குறைவு. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் ஐரிஸ் வந்தவர்களில் ஐந்தில் ஒருவர் இறந்திருக்கிறார். எங்கே வருகிறது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது.

யாருக்கு வரும் என்ற கணிப்பு

இதற்கென்று ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. இன்டர்லூகின் 6, டி-டைமர் போன்றவற்றை ஆராய்ச்சிக் கூடங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கூட்டமாகப் பார்க்கும்போது அவற்றில் வேறுபாடு தெரிகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வருமா வராதா என்று சொல்ல அவை போதவில்லை. எங்களைப் போன்ற மையத்துக்கு அவை எட்டவும் எட்டாது.

ஆனால் சாதாரண வெளிநோயாளர் சீட்டிலேயே இருக்கும் விவரங்கள் நிறையச் சொல்கின்றன. சி.டி.4 100க்குக் கீழே இருந்தால் ஆபத்து கூடும், 50க்குக் கீழே இன்னும் கூடும். வைரஸ் அளவு அதிகமாக இருப்பது, காசநோய் நுரையீரலைத் தாண்டிப் பரவியிருப்பது, ரத்தசோகை, கூடிய சி.ஆர்.பி., இவையெல்லாம் அதே பக்கம்தான் சாய்கின்றன. இன்னொரு முக்கியமான காரணம் நம் கையில் இருப்பது: காசநோய் மருந்துக்கும் ஏ.ஆர்.டி.க்கும் இடையே விடும் இடைவெளி. அது குறையக் குறைய ஐரிஸ் வரும் வாய்ப்பு ஏறுகிறது.

இவருக்கு அநேகமாக எல்லாமே பொருந்தின. இவருக்கு வரும், இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள், கழுத்துக் கணுவிலோ வயிற்றிலோ வரும் என்று கேஸ் சீட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தோம். அப்படி எழுதி வைப்பது எங்கள் மையத்தில் அதுவரை வழக்கமில்லை.

முதல் முடிவு: எப்போது தொடங்குவது

எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. மூத்த மருத்துவர், இரண்டு மாதம் காசநோய் மருந்து கொடுத்துக் கிருமிச் சுமையைக் குறைத்துவிட்டு அப்புறம் தொடங்கலாம் என்றார். ஐரிஸைத் தவிர்ப்பது மட்டுமே குறி என்றால் அது சரியான வாதம்தான்.

ஆனால் 34 சி.டி.4 வைத்துக்கொண்டு இரண்டு மாதம் காத்திருப்பவர் ஐரிஸால் சாவதைவிட, காத்திருப்பதாலேயே சாகும் வாய்ப்பு அதிகம். கம்போடியாவில் நடந்து 2011இல் வெளியான கமீலியா ஆய்வு இதை நேராகவே சோதித்தது. 661 நோயாளிகள், சி.டி.4 நடுமதிப்பு 25, ஏறக்குறைய இவரைப் போன்றவர்கள். இரண்டாவது வாரத்தில் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள். எட்டாவது வாரத்தில் தொடங்கியவர்களில் 27 சதவீதம். முன்னதாகத் தொடங்கியவர்களுக்கு ஐரிஸ் இரண்டரை மடங்கு அதிகம் வந்தது. இருந்தும் அவர்களில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள். ஐரிஸ் வரும் என்ற கணிப்பு மருந்தைத் தள்ளிப்போடக் காரணமாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூளையில் நோய் இருந்தால் கதை வேறு. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் உள்ளவர்களை வைத்து உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த கோட் ஆய்வில், ஓரிரு வாரங்களில் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இறந்தார்கள். ஐந்து வாரம் பொறுத்தவர்களில் 30 சதவீதம். காசநோய் மூளைக்காய்ச்சலிலும் அவசரப்பட்டுத் தொடங்குவதில் லாபமில்லை என்று வியட்நாம் ஆய்வு காட்டியது. மண்டையோட்டுக்குள் வீங்க இடமில்லை. அதனால்தான் தலைவலி, கழுத்து விறைப்பு, பூஞ்சைச் சோதனை எல்லாவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தோம்.

காசநோய் மருந்து தொடங்கிய இரண்டாவது வாரக் கடைசியில் ஏ.ஆர்.டி. தொடங்குவது என்று முடிவானது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை ஒன்று. ரிஃபாம்பிசின் டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனியாக இன்னொன்று. காலை, இரவு என்று சொன்னால் ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வேலை பார்ப்பவருக்குக் குழப்பம்தான். ஆற்றுப்படுத்துநர் யோசித்து, ஷிப்ட் மாறும் எட்டு மணிக்கு என்று சொல்லிக்கொடுத்தார். எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் சங்கு ஒன்றுதான். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை.

இரண்டாவது முடிவு: முன்கூட்டியே ஸ்டீராய்டு

2018இல் வெளியான பிரெட்-ஆர்ட் ஆய்வு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்தது. சி.டி.4 100 அல்லது அதற்குக் கீழே உள்ள, காசநோய் மருந்து தொடங்கி 30 நாளுக்குள் ஏ.ஆர்.டி. தொடங்கும் 240 பேர். பாதிப் பேருக்கு ஏ.ஆர்.டி.யோடு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான பிரெட்னிசோன் தினம் 40 மில்லிகிராம் 14 நாள், பிறகு 20 மில்லிகிராம் 14 நாள். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. ஐரிஸ் வந்தது முதல் பிரிவில் 32.5 சதவீதம், இரண்டாவதில் 46.7 சதவீதம். ஸ்டீராய்டால் கடுமையான தொற்றோ புற்றுநோயோ கூடவில்லை.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது நல்ல செய்தி. ஸ்டீராய்டு கொடுத்தும் மூன்றில் ஒருவருக்கு வருகிறது என்பதும் அதே எண்தான். எங்கள் குழுவில் முதல் பாதி எல்லோர் மனதிலும் பதிந்தது. இரண்டாவது பாதியை வற்புறுத்திச் சொன்னவர், தள்ளிப்போடலாம் என்ற அதே மூத்த மருத்துவர்.

ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை, பி வகை மஞ்சள் காமாலை இல்லை, தோலில் கபோசி என்ற புற்றுக்கட்டி எதுவும் இல்லை, பூஞ்சைத் தொற்று இல்லை, காசநோய் மருந்துக்குக் காய்ச்சல் குறையத் தொடங்கியிருந்தது. தடையாக எதுவும் தெரியாததால் அந்த ஆய்வில் கொடுத்த அளவிலேயே, அதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் கொடுத்தோம். குடற்புழு மருந்தும் முன்னதாகக் கொடுக்கப்பட்டது.

மூன்றாவது முடிவு: வீட்டாரிடம் என்ன சொல்வது

எனக்கு இந்த நிகழ்வில் பெரிதாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான். மருந்து தொடங்கும் அன்று கணவன், மனைவி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து ஆற்றுப்படுத்துநர் அரை மணி நேரம் பேசினார். மாத்திரை ஆரம்பித்த பிறகு நெறி பெருக்கலாம், காய்ச்சல் திரும்பலாம், வயிறு வலிக்கலாம், அப்படி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், யார் சொன்னாலும் எங்களைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக்கூடாது. மனைவி ஒன்று கேட்டார்: "அப்ப வந்தா நல்லதுங்களா, வராட்டி நல்லதுங்களாக்கா?" வராவிட்டால் நல்லது, வந்தால் பயப்பட வேண்டாம் என்று பதில் சொல்லப்பட்டது. கேள்வி நியாயமானது. எங்கள் விளக்கத்தில் அந்தக் குழப்பம் இருக்கத்தான் செய்தது.

கையில் ஓர் அட்டையும் கொடுத்தோம். அதில் எச்.ஐ.வி. என்ற சொல் எங்கும் இல்லை. "காசநோய் சிகிச்சையில் இருப்பவர். சிகிச்சையின்போது கணு வீக்கமும் காய்ச்சலும் எதிர்பார்க்கப்படுகின்றன. மாத்திரைகளை நிறுத்துவதற்கோ வீக்கத்தைக் கீறுவதற்கோ முன்பு இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மூன்று வரி. கீழே பணி மருத்துவரின் கைப்பேசி எண். மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தோராம் நாள் நாங்களே கூப்பிடுவதாக ஏற்பாடு.

என்ன நடந்தது

முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகப் போனது. காய்ச்சல் நின்றது, பசி எடுத்தது, ஒரு கிலோ எடை கூடியது. பதினான்காம் நாள் போனில் பேசியபோது, நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று அவரே கேட்டார். ஸ்டீராய்டு கொடுக்கும் தெம்பு இப்படித்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது மறைத்தும் வைக்கும். அரை ஷிப்ட் பார்க்கிறேன் என்றார். அட்வான்ஸ் பாக்கியை நினைத்துக்கொண்டிருப்பவரிடம் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல.

பதினைந்தாம் நாளிலிருந்து பிரெட்னிசோலோன் 20 மில்லிகிராமாகக் குறைந்தது. பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, தறிக் கூடத்தில் குளிர் நடுக்கத்தோடு உட்கார்ந்துவிட்டார். கழுத்து நெறி இரண்டே நாளில் எலுமிச்சை அளவுக்குப் பெருத்துச் சிவந்திருந்தது. வயிற்று வலி வேறு. உரிமையாளரே தன் காரில் ஏற்றிப் பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

அங்கே பணியிலிருந்த மருத்துவரின் கையில் இருந்த தகவல்கள் இவ்வளவுதான்: ஒரு மாதமாகக் காசநோய் மாத்திரை சாப்பிடுபவர், 102 டிகிரி காய்ச்சல், சீழ் கோத்த கழுத்துக் கட்டி, வயிற்று வலி. ஏ.ஆர்.டி. மாத்திரைப் புட்டி வீட்டில் இருந்தது. உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது நோயாளி எச்.ஐ.வி. பற்றி வாய் திறக்கவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோயாகவோ, மாத்திரையால் கல்லீரல் பாதித்ததாகவோ இருக்கலாம் என்று அந்த மருத்துவர் நினைத்தார். எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, காலையில் கட்டியைக் கீறிவிடலாம் என்று எழுதினார். அவருக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி போய்ச் சேர்ந்தார். ரேஷன் கார்டு உறையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு போயிருந்தார். முதலில் ஆற்றுப்படுத்துநருக்குத்தான் போன் வந்தது: "அக்கா, நீங்க சொன்ன மாதிரியே வந்துருச்சுங்க. மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்க, என்ன பண்ணட்டுங்க?" அட்டையை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார். அந்த டாக்டர் எங்கள் எண்ணுக்கு அழைத்தார். நோயாளியின் சம்மதத்தைப் போனிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு, மருத்துவருக்கு மட்டும் முழு விவரமும் சொல்லப்பட்டது. அவர் கீறும் யோசனையை விட்டுவிட்டு, குளுக்கோஸ் ஏற்றி, இரவு மாத்திரையையும் கொடுக்க வைத்து, விடிந்ததும் 108 வண்டியில் அனுப்பிவைத்தார்.

காசநோய்க் கட்டியைக் கத்தியால் கீறினால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் சீழ் வடியும் துளை விழுவது உண்டு. அது தவிர்க்கப்பட்டது. அதைவிட முக்கியம், ஏ.ஆர்.டி. ஒருவேளைகூட நிற்கவில்லை.

உறுதிசெய்த விதம்

நாங்கள் எழுதி வைத்தது நடந்துவிட்டது என்பதாலேயே இது ஐரிஸ்தான் என்று முடிவுகட்டிவிட முடியாது. முன்கூட்டியே கணிப்பதில் உள்ள ஆபத்து இதுதான். எதிர்பார்த்தது கண்ணில் பட்டதும் வேறு எதையும் தேடத் தோன்றாது. ஐரிஸ் என்பது மற்றவற்றை விலக்கிய பிறகு வரவேண்டிய முடிவு. வசதி குறைந்த இடங்களுக்காக 2008இல் வகுக்கப்பட்ட சர்வதேச வரையறையும் அதைத்தான் சொல்கிறது: ஏ.ஆர்.டி. தொடங்கி மூன்று மாதத்துக்குள் கணு பெருப்பது, எக்ஸ்ரே மோசமாவது போன்ற பெரிய அறிகுறி ஒன்றாவது இருக்க வேண்டும், அல்லது காய்ச்சல், இருமல், வயிற்று வலி போன்ற சிறிய அறிகுறிகள் இரண்டாவது இருக்க வேண்டும். கூடவே மருந்து எதிர்ப்பு, மருந்து தவறுதல், வேறு தொற்று, மருந்தின் நச்சு ஆகியவற்றை முடிந்தவரை விலக்க வேண்டும்.

கழுத்துக் கட்டியில் பெரிய ஊசியை, வீக்கத்தின் அடியில் குத்தாமல் பக்கவாட்டுத் தோல் வழியாகச் செலுத்தி 25 மில்லி சீழ் எடுத்தோம். அதில் சிபிநாட் சோதனை: காசநோய்க் கிருமி உண்டு, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. செத்த கிருமியின் மரபுப் பொருளையும் அந்தக் கருவி காட்டும், ஆகவே கிருமி உண்டு என்ற பாதி எங்களைக் கலக்கவில்லை, எதிர்ப்பு இல்லை என்ற பாதிக்குத்தான் காத்திருந்தோம். முதல் சளியில் இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட்டுக்குச் செய்த சோதனையும் எதிர்ப்பு இல்லை என்று வந்தது. அதே சீழை வளர்ப்புக்கு அனுப்பியதில் பல வாரம் கழித்தும் எதுவும் வளரவில்லை.

மாத்திரைகளை எண்ணிப் பார்த்தோம், கணக்குச் சரியாக இருந்தது. கல்லீரல் நொதிகள் இயல்பை ஒட்டியே இருந்தன. கிரிப்டோகாக்கஸ் மறுசோதனை எதிர்மறை, ரத்த வளர்ப்பில் கிருமி இல்லை. சி.ஆர்.பி. 164. மார்பு நிழல்கள் முன்பைவிட அடர்த்தி. சி.டி.4 34லிருந்து 118 ஆகியிருந்தது. தலைவலியோ மயக்கமோ இல்லை, ஆக்சிஜன் 95.

சிகிச்சை

ஏ.ஆர்.டி.யை நிறுத்தவில்லை. மூளை பாதித்தோ மூச்சுத் திணறியோ உயிருக்கே ஆபத்து என்றால் ஒழிய நிறுத்துவதில் பயனில்லை. நிறுத்தினால் வைரஸ் திரும்பும், புதுத் தொற்றுகளுக்கு இடம் கொடுக்கும், மறுபடி தொடங்கும்போது இதே அழற்சி இன்னொருமுறை வரும்.

சிபிநாட் முடிவு கைக்கு வந்த அன்று மாலையே பிரெட்னிசோலோனைத் தினம் 60 மில்லிகிராமாக உயர்த்தினோம். கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம் இரண்டு வாரம், பிறகு அதில் பாதி இரண்டு வாரம் என்பது 2010இல் தென்னாப்பிரிக்கக் குழு சோதித்துப் பலன் கண்ட அளவு. 110 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் மருத்துவமனையில் படுக்கும் நாட்கள் குறைந்தன. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. சீழை இன்னும் இரண்டு முறை ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது.

சர்க்கரை ஏறியது, சாப்பாட்டுக்குப் பிறகு 250ஐத் தொட்டது. சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் கொடுக்கும்போது ஒரு கவனம் தேவை. டோலுடெக்ராவிர் அதன் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், தினம் இரண்டு வேளை சாப்பிடும்போது இன்னும் கூடுதலாக. ஆகவே நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டவில்லை. ஸ்டீராய்டு குறைந்ததும் அதுவும் தேவைப்படவில்லை.

நான்கு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தது முடியவில்லை. 10 மில்லிகிராமுக்கு இறங்கியபோது கணு மறுபடி கொஞ்சம் பெருத்தது. 20க்கு ஏற்றி, அங்கிருந்து மெதுவாக இறக்கியதில் மொத்தம் ஏறத்தாழ மூன்று மாதம் ஆனது.

விளைவு

ஆறாம் மாதப் பரிசோதனையில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. எடை 54 கிலோ. காசநோய் மருந்தை முடித்தார், கூடுதல் டோலுடெக்ராவிர் மாத்திரை அதற்குப் பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து பின் நிறுத்தப்பட்டது. கழுத்தில் ஊசித் தழும்பு மட்டும் இருக்கிறது. மனைவிக்கு மறுசோதனையிலும் எச்.ஐ.வி. இல்லை.

தறிக்கு உடனே திரும்பவில்லை. மனைவியோடு உட்கார்ந்து தார் சுற்றும் வேலை சில மாதம். கூலி குறைவு, அட்வான்ஸ் பாக்கி அப்படியே நிற்கிறது. காசநோய்க்காரர்களுக்கு நிக்ஷய் திட்டத்தில் வரும் ஊட்டச்சத்துப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்தது, கடனுக்கு அது எந்த மூலைக்கு. உரிமையாளருக்கு இன்றுவரை டி.பி. என்று மட்டுமே தெரியும்.

இப்போது மாற்றியிருப்பவை

சி.டி.4 100க்குக் கீழே இருந்து காசநோயும் உள்ள ஒவ்வொருவரின் சீட்டிலும், எந்த வாரம், எந்த இடத்தில் அழற்சி எதிர்பார்க்கிறோம் என்று முதல் நாளே எழுதுகிறோம். அதற்குக் கீழேயே, அப்படி வந்தால் எதையெதை விலக்க வேண்டும் என்ற பட்டியலும் இருக்கும். கணிப்பை மட்டும் எழுதிவிட்டு அந்தப் பட்டியலை எழுதாமல் விடுவது, கணிக்காமலே இருப்பதைவிட மோசமாகப் போகலாம்.

போன் அழைப்புகளின் நாட்கள் மாறியிருக்கின்றன. முன்பு ஏ.ஆர்.டி. தொடங்கிய நாளை வைத்து எண்ணினோம். இந்த நோயாளிக்கு பதினான்காம் நாளுக்கும் இருபத்தோராம் நாளுக்கும் நடுவில், ஸ்டீராய்டைப் பாதியாக்கிய நான்காம் நாளில் வந்தது. இப்போது ஸ்டீராய்டு அளவு குறையும் ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாளும் நான்காம் நாளும் கூப்பிடுகிறோம். தெம்பாக இருக்கிறேன் என்று நோயாளி சொன்னாலும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்கிறோம்.

அட்டை இப்போது இரண்டு. ஒன்று வீட்டாரிடம், மற்றொன்று நோயாளியின் கைப்பேசி உறைக்குள். ரேஷன் கார்டு உறையில் இருந்த அட்டை வந்து சேர அன்று ஒரு மணி நேரம் ஆனது. அதுவே கீறும் நேரமாக இருந்திருக்கலாம். எச்.ஐ.வி. என்ற சொல்லை அட்டையில் போடுவதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை. போட்டிருந்தால் உரிமையாளர் முன்னிலையில் அந்த அட்டை வெளியே வந்திருக்காது.

முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுப்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இவருக்கு அது ஐரிஸைத் தடுக்கவில்லை. கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் கடுமையாக வந்திருக்குமா என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாது. பரவிய காசநோயும் மிகக் குறைந்த சி.டி.4ம் உள்ளவர்களுக்கு, எதிர்ப்புச் சோதனை முடிவு கையில் இருந்தால் மட்டும் தருவது என்று இப்போதைக்கு வைத்திருக்கிறோம். மூத்த மருத்துவர் அதற்கும் ஒரு நிபந்தனை போட்டார்: வாரம் ஒருமுறையாவது நேரில் வர முடியாதவருக்கும், போனில் பிடிக்க முடியாதவருக்கும் தொடங்கக்கூடாது. அதை ஏற்றுக்கொண்டோம்.